கல்லூரிக் கல்வி வேண்டுமா? வேண்டாவா?

மேனிலைப் பள்ளிப் பொதுத்தேர்வின் முடிவுகள் வெளியாகும் காலந்தோறும், தமிழ்நாட்டின் ஊர்தோறும் தெருத்தோறும் ஒரே வினா எழுகின்றது. நெசவாளர் வீட்டுத் தறிமேடையிலும், உழவர் வீட்டுத் திண்ணையிலும், கட்டடத் தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றை அறையிலும், பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளையை நடுவில் நிறுத்திக்கொண்டு பெற்றோரும் உற்றாரும் கேட்கும் வினா அது. "இவனை இனிக் கல்லூரிக்கு விடுவதா? வேலைக்கு அனுப்புவதா?" என்பதே அவ்வினா. செல்வர் வீட்டில் இவ்வினா எழுவதே இல்லை. அங்கே எந்தக் கல்லூரி, எந்த நாட்டுக் கல்லூரி என்பது மட்டுமே பேச்சு. கல்லூரி வேண்டுமா வேண்டாவா என்று எண்ணிக் கலங்கும் நிலை, கையிற் பொருளில்லாத வீட்டிற்கே உரியது. ஆகவே இவ்வினாவுக்குச் சொல்லப்படும் விடையும் பொருளில்லாத வீட்டின் கணக்கோடு பொருந்தி வருவதாக இருத்தல் வேண்டும்.

இவ்வினாவுக்கு விடை சொல்ல இருவகையார் முந்தி நிற்கின்றனர். ஒரு வகையார் பட்டத்தை விற்பவர். மற்றொரு வகையார் பட்டத்தைப் பழிப்பவர். விற்பவர், பேருந்தின் பின்புறத்திலும் சாலையோரப் பலகையிலும் நாளிதழின் முதற்பக்கத்திலும் நின்றுகொண்டு, 'எங்கள் கல்லூரியிற் சேருங்கள். நூற்றுக்கு நூறு பேர்க்கும் வேலை உறுதி' என்று கூவுகின்றனர். பழிப்பவரோ, 'பட்டம் பெற்றவனெல்லாம் உணவுப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு ஈருருளியில் ஓடுகின்றான். இந்தப் படிப்பு எதற்கு? கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொண்டால் நாளையே காசு பார்க்கலாம்' என்று அறிவுரைக்கின்றனர். இருவர் கூற்றிலும் உண்மையின் ஒரு துணுக்கு உண்டு. ஆனால் முன்னவர் சொல்லை நம்பி நிலத்தை இழந்த குடும்பங்களும் உண்டு. பின்னவர் சொல்லை நம்பி ஒரு தலைமுறையையே இழந்த குடும்பங்களும் உண்டு. எனவே இவ்விரு கூற்றையும் தனித்தனியே உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண் பழிப்பவர் கூற்றை எடுத்துக்கொள்ளலாம். "காமராசர் எந்தக் கல்லூரியிற் படித்தார்? கோவை ஜி. டி. நாயுடு எந்தப் பட்டம் பெற்றார்?" என்பது இவர்கள் எடுத்து வீசும் முதற் கேள்வி. காமராசர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்பது உண்மையே. ஆனால் அவர், 'யான் படிக்காமலே நாடாள வந்தேன். நீங்களும் படிக்க வேண்டா' என்று எவரிடமும் சொன்னாரில்லை. 1954 ஆம் ஆண்டு முதலமைச்சராக வந்தவுடன் பள்ளியில்லாத ஊர்களிலெல்லாம் பள்ளி திறக்கச் செய்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்றறிந்து 1956 இல் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தம் கல்லாமையை அவர் பிறர்க்கு நெறியாகக் காட்டவில்லை. பிறர்க்கு நேரக்கூடாத குறையாகவே அதைக் கருதிச் செயற்பட்டார். நாயுடுவின் வாழ்க்கையும் அத்தகையதே. பள்ளிப் படிப்பில் நில்லாமல் பொறிகளைப் பிரித்துப் பார்த்தே அறிவு பெற்ற அப்பெருந்திறலர், 1937 இல் கோவையில் மின்னோடி உருவாக்கிய முயற்சியிற் பங்கு கொண்டார். ஆயினும், 1945 இல் அதே கோவையில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்றுவதற்கு முன்னின்றவரும் அவரே. படிப்பின் காலம் வீணே நீள்கின்றது என்று அவர் கல்லூரி முறையோடு முரண்பட்டாரே அன்றி, கற்கவே வேண்டா என்று கூறினாரில்லை. ஒருவர் வெள்ளத்தை நீந்திக் கரையேறினார் என்பதற்காக ஆற்றுக்குப் பாலமே வேண்டா என்பது அறிவாகாது. நீந்தியவர் பெயர் ஊரறியத் தெரிகின்றது. முழுகியவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இனி, 'கைத்தொழில் கற்றாற் போதும்' என்னும் அறிவுரைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அதன் பட்டங்கள் பெரும்பாலும் ஒருசில குலத்தார் கைகளிலேயே தங்கின. உழுவோர், நெய்வோர், கரை வெளுப்போர், மண் சுமப்போர் ஆகியோர் மக்கள் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கத் தொடங்கிய வேளையில், 1953 இல், இராசாசி தலைமையிலிருந்த சென்னை மாநில அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாளில் ஒரு வேளை மட்டும் பள்ளியிற் படித்து, மறுவேளையில் தம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றல் வேண்டும் என்பதே அத்திட்டம். தமிழ்மக்கள் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டழைத்தனர். பெரியார் முன்னின்று எதிர்த்தார். நாடு கொந்தளித்தது. காமராசர் 1954 ஏப்பிரலில் முதலமைச்சரானார். அடுத்த திங்களே அத்திட்டம் கைவிடப்பட்டது.

தொழில் கற்பது இழிவு என்பதற்காக அன்று தமிழர் அதனை எதிர்க்கவில்லை. எந்தப் பிள்ளை எந்தத் தொழிலைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்யக்கூடாது என்பதற்காகவே எதிர்த்தனர். இன்று அதே அறிவுரை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருகின்றது. 'பட்டம் வேண்டா, திறன் போதும்' என்கிறது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால் இதனைச் சொல்லுபவர் தம் மகனை எங்கே சேர்த்திருக்கின்றார் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் வேண்டும். தம் பிள்ளைக்குப் பெருங்கல்லூரியும் பிறர் பிள்ளைக்குத் திருகாணியும் என்பாரானால், அவ்வறிவுரை அறிவுரையன்று, வேலியாகும்.

இந்த வேலியைத் தாண்டித் தமிழ்நாடு நெடுந்தொலைவு வந்திருக்கின்றது. நடுவணரசின் 2021-22 ஆம் ஆண்டு உயர்கல்வி அறிக்கைப்படி, 18 முதல் 23 வரையிலான அகவையினரின் தொகையோடு ஒப்பிடும்போது உயர்கல்வியிற் சேர்ந்திருப்போர் அளவு இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டிலோ அது 47. இவ்வேறுபாடு வானத்தினின்று விழுந்ததன்று. பகலுணவாலும், ஊர்ப்பள்ளியாலும், இடஒதுக்கீட்டாலும், பேருந்துச் சலுகையாலும், அரசு விடுதியாலும், எல்லாவற்றினும் மேலாகத் தாம் படியாத பெற்றோர் வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த பிடிவாதத்தாலும் விளைந்தது அது. இந்த விளைச்சலைத் தமிழர் தம் கையாலேயே தள்ளிவிடல் ஆகாது.

ஆயினும், பழிப்பவர் கூற்றுப் பொய் என்பதனால் விற்பவர் கூற்று மெய்யாகிவிடாது. 1984 ஆம் ஆண்டளவில் தனியார், தம் பொருளிலேயே நடத்தும் பொறியியற் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டில் வாயில் திறக்கப்பட்டது. அதனால் ஊர்ப்புறப் பிள்ளைகள் பலரும் பொறியாளராயினர் என்பது மறுக்கவியலாத நன்மை. ஆனால் நாளடைவில் கல்வி நிலையம் வேறு, கல்விக் கடை வேறு என்னும் வேறுபாடு தேய்ந்தது. கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூற்றைத் தாண்டிற்று. பின்னர், சேர்வாரின்றி இடங்கள் ஆயிரக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தன. பல கல்லூரிகள் மூடப்பட்டன. 2024 சூலையில், ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே காலத்திற் பல பொறியியற் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகப் பதியப்பட்டிருந்தமை வெளிப்பட்டு நாடே திகைத்தது. ஆசிரியரே இல்லாத வகுப்பறைக்குக் கட்டணம் கட்டிய பெற்றோர் எத்தனை பேரோ! 2025 பிப்பிரவரியில், கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நடுவண் அமைப்பின் ஆய்வுக்குழுவைச் சேர்ந்தவர்களே, ஆந்திரத்திலுள்ள ஒரு நிறுவனத்திடம் கையூட்டுப் பெற்றனர் என்னும் குற்றச்சாட்டிற் கைது செய்யப்பட்டனர். வாயிலில் தொங்கும் தரச்சான்றை மட்டும் நம்பி உள்ளே போகலாகாது என்பதற்கு இதனினும் பெரிய எச்சரிக்கை வேண்டுவதில்லை.

இத்தகைய கடைகளில் பெரும்பாலான எளிய வீட்டுப் பிள்ளைகள் கைப்பொருள் கொடுத்துச் சேர்வதில்லை. கடன் வாங்கியே சேர்கின்றனர். அக்கடனின் கணக்கை, கையெழுத்திடும் தந்தைக்கு எவரும் விளக்குவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இளைஞன் ஆண்டுக்கு ஓர் இலக்கம் உருபாவாக நான்காண்டுக்கு நான்கு இலக்கம் உருபாக் கல்விக்கடன் பெறுகின்றான் என்று கொள்க. வட்டி நூற்றுக்குப் பத்து. படிக்கும் காலத்தும், படிப்பு முடிந்த பின் ஓராண்டும் கடனைக் கட்ட வேண்டுவதில்லை. ஆனால் வட்டி தூங்குவதில்லை. முதலாண்டு வாங்கிய இலக்கத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, அதற்கடுத்ததற்கு 30,000, கடைசியிலக்கத்துக்கு 20,000, ஆக 1,40,000 உருபா. தவணை தொடங்கும் நாளில் அவன் தலையில் 5,40,000 உருபாக் கடன் இருக்கும். அதனைப் பத்தாண்டில் கட்டுவதானால் திங்கள்தோறும் ஏறத்தாழ 7,100 உருபா கட்ட வேண்டும். மொத்தம் கட்டி முடிப்பது எட்டரை இலக்கத்துக்கும் மேல். தொடக்கச் சம்பளம் பதினைந்தாயிரமாக இருந்தால், ஏறத்தாழப் பாதி வங்கிக்குப் போய்விடும். இதனோடு, அந்நான்காண்டும் அவன் வேலைக்குப் போயிருந்தால் வீட்டிற்கு வந்திருக்கக்கூடிய கூலியையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். கட்டணம் மட்டுமே செலவன்று. ஈட்டாமல் விட்டதும் செலவே.

இக்கணக்கைக் கண்டு அஞ்சிக் கல்லூரியையே வெறுப்பதும் பிழை. ஏனெனில், இக்கடனை வாங்காமலே படிக்கும் வாயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளிற் கட்டணம் மிகவும் குறைவு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறவிருக்கும் பிள்ளைக்கு, ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்லூரியிற் சேர்ந்தால் கல்விக்கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியிற் படித்தவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நூற்றுக்கு ஏழரை இடம் தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. இத்தொழிற்படிப்புகளில் அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கின்றது. இவற்றை அறியாமல், 'இப்போதே இடத்தைப் பிடியுங்கள்; நாளைக்குக் கிடைக்காது' என்று வீடு தேடி வரும் தரகனின் சொல்லுக்கு மயங்கி, கலந்தாய்வுக்கு முன்பே நிருவாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிட்டு, வரவேண்டிய சலுகையையும் இழக்கும் பெற்றோர் பலர். அறியாமைக்குக் கட்டும் தண்டம் எந்தக் கல்விக் கட்டணத்தினும் பெரிது.

'பட்டம் பெற்றும் வேலையில்லையே' என்னும் குறைகூற்றையும் நேர்நின்று பார்த்தல் வேண்டும். அக்குறை உண்மை. 2024 சூனில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 இலக்கத்துக்கும் மேல். அப்பணிக்கு வேண்டிய கல்வி பத்தாம் வகுப்பே. ஆனால் தேர்வுக்கூடத்தில் பட்டம் பெற்றவரும் மேற்பட்டம் பெற்றவரும் பொறியாளரும் வரிசையில் அமர்ந்திருந்தனர். பட்டம் பெற்றாரிடையே வேலையின்மை, எழுத்தறியாதாரிடையே உள்ளதினும் பன்மடங்கு மிகுதி என்று நடுவணரசின் ஆய்வுகளும் தொடர்ந்து காட்டி வருகின்றன. இதனைக் கொண்டு, படியாதவனே நலமாக வாழ்கின்றான் என்று முடிவு கட்டுவது பெரும்பிழை. எழுத்தறியாத ஏழை வேலையின்றி ஒருநாளும் இருக்கவியலாது. கிடைத்த கூலிக்கு, கிடைத்த வேலையை அன்றே செய்தாக வேண்டும். ஆகவே அவன் வேலையில்லாதார் கணக்கில் வருவதில்லை. பட்டம் பெற்றவன் தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கின்றான். காத்திருப்பதனால் கணக்கில் வருகின்றான். இருவருக்கும் உள்ள வேறுபாடு வேலையில் மட்டுமன்று; குறைந்த கூலியை மறுக்கும் ஆற்றலிலும் உள்ளது. அந்த ஆற்றலும் கல்வி தந்ததே.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இவ்வினா முற்றிலும் வேறான முகங்கொண்டு நிற்கின்றது. ஆண்பிள்ளைக்குக் கல்லூரி இல்லையென்றால் வேலை. பெண்பிள்ளைக்குக் கல்லூரி இல்லையென்றால் பெரும்பாலும் திருமணம். பதினெட்டு நிரம்பிய மறுதிங்களே மாப்பிள்ளை பார்க்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அவ்வீட்டில் மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பென்பது ஒரு பட்டம் மட்டுமன்று. தன் வாழ்வைத் தானே எண்ணிப் பார்க்க ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் மூன்றாண்டு விடுதலையாகும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 இல் தொடங்கப்பட்ட திருமண உதவித் திட்டம், 2022 இல் பெண்களின் உயர்கல்விக்கு உதவும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியிற் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா அவள் பெயரிலேயே வங்கியிற் செலுத்தப்படும் என்று வகுக்கப்பட்டது. திருமணத்திற்கென்று வந்த பொருள் படிப்பிற்கென்று மாறியது சிறு செய்தியன்று. 2024 இல் ஆண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப்புதல்வன் என்னும் பெயரில் அதுபோன்ற திட்டம் வந்தது. ஆகவே, மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா என்று ஐயுறும் தந்தை, 'கல்லூரியால் என்ன வருவாய்?' என்று கேட்பதற்கு முன், 'கல்லூரி இல்லையேல் இவளுக்கு என்ன நேரும்?' என்று கேட்பாராக.

இவ்வளவும் கூறியது, எல்லாரும் கல்லூரிக்கே போகவேண்டும் என்பதற்காகவன்று. கல்வி ஒன்று, அதற்கு வாயில் பல. மக்கள் 'ஐ.டி.ஐ.' என்று வழங்கும் தொழிற்பயிற்சி நிலையமும், 'பாலிடெக்னிக்' என்று வழங்கும் பல்தொழில் பயிலகமும் கல்வியின் வாயில்களே, புறக்கடை வழிகளல்ல. கம்மியம், பற்றவைப்பு, கடைசல், மின்பணி ஆகியவற்றை ஒழுங்காகக் கற்றவன், பெயருக்குப் பட்டம் வாங்கியவனைவிட முன்னதாகவே தன் காலில் நிற்பதுண்டு. மேலும், இவ்வாயிலிற் புகுந்தவனுக்கு மேற்படி ஏறும் வழியும் அடைக்கப்படவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டுப் பயிற்சி முடித்தவன் பல்தொழில் பயிலகத்தில் நேரே இரண்டாமாண்டிற் சேரலாம். அங்கே பட்டயம் பெற்றவன் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாமாண்டிற் சேரலாம். ஏட்டிலும் கையிலும் ஒருங்கே கற்றுப் பட்டம் பெறும் இவ்வழி, பன்னிரண்டாம் வகுப்பினின்று நேரே கல்லூரிக்குப் போகும் வழியினும் சற்று நீண்டது. ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று பிழைக்கத்தக்கது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. கைத்தொழில் பிள்ளையின் விருப்பத்தால் தேர்ந்துகொள்ளப்படுமானால் அது கல்வி. பிள்ளையின் குலத்தையும் குடிசையையும் பார்த்துப் பிறர் அதனை அவன்மேற் சுமத்துவாரானால் அது குலக்கல்வி. 'உனக்கெல்லாம் கல்லூரி எதற்கு?' என்று ஓர் ஆசிரியர் வகுப்பறையிற் சொல்லும் ஒரு சொல், எந்தச் சட்டத்தினும் வலிய வேலியாக அப்பிள்ளையின் நெஞ்சில் நின்றுவிடும். அச்சொல்லைச் சொல்ல எந்த ஆசிரியர்க்கும் உரிமையில்லை.

கல்லூரிக்குச் சென்றும் பயன்பெறாமற் போகும் பிள்ளைகளின் தொல்லைக்கு இன்னுமொரு கரணியம் உண்டு. அது பயிற்றுமொழி. பன்னிரண்டாண்டு தமிழில் எண்ணி, தமிழில் எழுதி, தமிழில் தேறிய பிள்ளை, கல்லூரி வாயிலைத் தாண்டிய முதல்நாளே ஊமையாக்கப்படுகின்றான். பாடம் விளங்காதது அவன் அறிவின்மையாகக் கொள்ளப்படுகின்றது. விளங்காத பாடத்தை உருப்போட்டு ஒப்பிக்கின்றான், ஒப்பித்துத் தேறுகின்றான், தேறிய பின் அத்தொழிலில் ஒன்றும் தெரியாமல் நிற்கின்றான். பின்னர், 'தமிழ்நாட்டுப் பட்டதாரிக்குத் திறமையில்லை' என்று அவனையே பழிக்கின்றனர். அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் பயிற்றத் தொடங்கியது. அதே ஆண்டில், தமிழ்வழியிற் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டமும் வந்தது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்மொழித் தாளிற் கட்டாயம் தேறவேண்டும் என்னும் ஆணை 2021 இறுதியில் வந்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் தமிழ்வழியிற் கற்றவனுக்குத் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை தருவார் இல்லையேல், தமிழ்வகுப்பில் இருக்கை மட்டும் போட்டுவைப்பதாற் பயனில்லை. பிறமொழியைக் கருவியாகக் கற்பது தேவை. பிறமொழியில்தான் எண்ணவேண்டும் என்று பிள்ளையை வதைப்பது கொடுமை.

அவ்வாறாயின், பிள்ளையை நடுவில் நிறுத்திக்கொண்டு கலங்கும் அவ்வீட்டார் எதைக் கொண்டு முடிவு செய்வது? ஐந்து வினாக்களுக்கு விடை தேடினாற் போதும்.

முதலாவது, பிள்ளை எதைக் கற்க விரும்புகின்றான்? அடுத்த வீட்டுப் பிள்ளை எதிற் சேர்ந்தான் என்பது இதற்கு விடையன்று. இரண்டாவது, அங்கே கற்பிப்பவர் யார்? கட்டடத்தைப் பார்த்து வருவதை விட்டு, வகுப்பு நடக்கும் நாளில் நேரிற் சென்று பார்த்தல் வேண்டும். பொறியியற் கல்லூரியாயின், ஒவ்வொரு பருவத்திலும் கல்லூரிவாரியாகத் தேறினோர் விழுக்காட்டைப் பல்கலைக்கழகமே வெளியிடுகின்றது. அதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். மூன்றாவது, அக்கல்லூரியில் மூன்றாண்டுக்கு முன் படித்து முடித்தவர் இன்று என்ன செய்கின்றனர்? விளம்பரப் பலகையில் சிரிக்கும் முகங்களை நம்பாமல், உள்ளூரிலோ பக்கத்தூரிலோ உள்ள நால்வரை நேரிற் கண்டு கேட்டல் வேண்டும். நான்காவது, முழுச் செலவு எவ்வளவு? கட்டணம், விடுதி, பேருந்து, தேர்வு, நூல் என்று எல்லாவற்றையும் கூட்டி, அரசு வாயிலும் சலுகையும் போக எஞ்சியது எவ்வளவு என்று பார்த்தல் வேண்டும். திங்கள் தவணை, வரக்கூடிய தொடக்கச் சம்பளத்தின் மூன்றிலொரு பங்கை மிஞ்சுமாயின் அக்கடனைத் தொடாதிருத்தலே நன்று. வீடும் விளைநிலமும் விற்று வாங்கத்தக்க பட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஐந்தாவது, இவ்வாயில் அடைபட்டால் அடுத்த வாயில் எது? இன்று வேலைக்குப் போக நேர்ந்தவனும், தொலைநிலைக் கல்வியாலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தாலும் நாளை பட்டம் பெறலாம். ஆனால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாகத் தேறாமற் பெறும் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வைந்துக்கும் நேரிய விடை கிடைக்குமாயின், தயங்காமற் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புக. விடை கிடைக்காத இடத்தில், கல்லூரியை மாற்றுக. அல்லது வாயிலை மாற்றுக. ஆனால் கல்வியை மட்டும் நிறுத்தற்க. பள்ளியோடு கல்வி முடிந்தது என்னும் எண்ணமே தமிழ்வீட்டிலிருந்து ஒழிய வேண்டியது. கல்லூரியாயினும், பயிலகமாயினும், பயிற்சி நிலையமாயினும், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஒரு கல்வி ஒவ்வொரு தமிழ்ப்பிள்ளைக்கும் உரியது. அவ்வுரிமைக்கு வாயில் திறந்து வைப்பது அரசின் கடன். தரமற்ற கடைகளை மூடுவதும் அரசின் கடன். விலை பேசப்படாத கல்வியை ஊர்தோறும் தருவதும் அரசின் கடன். அரசுக் கல்லூரியில் ஆசிரியப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, தனியார் கல்லூரியிற் பிள்ளைகள் ஏமாறுகின்றனரே என்று வருந்துவது எந்த அரசுக்கும் அழகன்று.

கல்லூரிக்குள் நுழையும் இளைஞனுக்கும் ஒரு கடன் உண்டு. அவன் அமர்ந்திருக்கும் இருக்கைக்கு அவன் தந்தையின் கூலி மட்டும் விலையாகவில்லை. 1953 இல் தெருவில் நின்று போராடியவர் பட்ட அடியும், பகலுணவு சமைத்த ஆயாவின் கைச்சூடும், தான் மழைக்கு ஒதுங்கக்கூடப் பள்ளிப்பக்கம் போகாத பாட்டி முந்தானையில் முடிந்து வைத்த காசும் அதற்கு விலையாகியுள்ளன. அந்த இருக்கையில் அமர்ந்துகொண்டு மூன்றாண்டையும் செல்பேசித் திரையில் தேய்த்துவிட்டு, 'இப்பட்டத்தால் என்ன பயன்?' என்று கேட்பவனுக்கு விடைசொல்ல எவராலும் ஆகாது. கற்றவன், தன்னூரில் அடுத்துவரும் ஒரு பிள்ளைக்கேனும் விண்ணப்பம் எழுதித் தந்து, கணக்குச் சொல்லித் தந்து, தரகனிடமிருந்து காத்து, கல்லூரி வாயில் வரை உடன்சென்று விட்டு வருவானானால், அவன் பெற்ற பட்டம் பயனுடையதாகிவிட்டது.

ஏறியவர் ஏணியை உதைப்பதும், ஏறாதவர் ஏணியை அஞ்சுவதும், நடுவில் நின்று ஏணியை விற்பதும் இனியேனும் ஒழிக! எந்த ஏணி உறுதியானது என்று தட்டிப் பார்த்து ஏறும் அறிவைத் தமிழிளைஞர் பெறுவாராக! அவ்வாறு தட்டிப் பார்க்கக் கற்பதே கல்வியின் முதற்பாடம்.